புதுப் பூட்ஸும் குளிர்ந்த பாதமும்

காரணத்தை நாடாது பரிகாரம் தேடுவோர் குறையை நீக்காது வளர்ப்பர். இவ்வுண்மை பனிக்கட்டிமேற் சறுக்கி ஆடுவோரின் பாதங்களுக்கும் பொருந்துவதாம்.

குளிர்நாடுகளில் இவ்வாட்டம் மிகப் பழையது. முற்காலத்தோர் எலும்பாலும் மரத்தாலும் ஆகிய சறுக்குகளைத் தம் காலணியோடு வாராற் கட்டினர். 1860-களில் ஜாக்ஸன் ஹெய்ன்ஸ் என்னும் அமெரிக்கர் உலோகத் தகட்டைப் பூட்ஸின் அடியிலேயே நிலையாகப் பிணித்தார். அதன்பின் குதித்தலும் சுழலுதலும் பெருகின. அவற்றைத் தாங்குமாறு பூட்ஸும் வரவரக் கடினமாயிற்று.

இக்காலத்தில் புதுப் பூட்ஸணிந்து களம்புகுவோர் பலர், சிறிது நேரத்திற்குள் விரல்கள் மரத்து வருந்துகின்றனர். உடனே தடித்த கம்பளிக் காலுறையை நாடுகின்றனர். அது போதாதாயின் அதன்மேல் மற்றொன்றும் அணிகின்றனர். குளிர் தணிகின்றதோ? இல்லை, மிகுகின்றது! பாதத்திற்கு வெப்பத்தைக் கொணர்வது இரத்தமேயன்றோ? குளிரில் விரல்களின் இரத்தக்குழாய்கள் தாமே சுருங்கும். இறுக்கம் அவற்றை மேலும் நெருக்கும். கம்பளி வெப்பத்தைக் காப்பதும் தன்னுள் அடங்கிய காற்றினாலேயாம். நசுங்கிய கம்பளியிற் காற்று ஏது? வியர்வையில் நனைந்த உறையோ வெப்பத்தை விரைந்து இழக்கும். ஆதலின், மெல்லிய உலர்ந்த உறையொன்றே சாலும் என்பது எம் துணிபு.

"இறுகக் கட்டாவிடிற் கணுக்கால் பிசகுமே" என்பார் உளர். மெய்யே, ஆயினும் இறுக்கம் வேண்டுவது கணுக்கால் மடியுமிடத்தன்றி விரல்களின்மேலன்று. விரல்கள் அசையுமாறு முன்புறக் கயிற்றைச் சற்று நெகிழவிடுக. கணுக்காலிற் செறியக் கட்டுக. முழங்கால் மடியுமாறு உச்சியிற் சிறிது தளர்த்துக. களம்புகுமுன் உடலை ஓடியாடிச் சூடேற்றுக. வெப்பமூட்டிப் பாதத்திற்கேற்ப வளைக்கத்தக்க பூட்ஸாயின், அதனை விற்பவரிடமே அவ்வாறு செய்வித்துக்கொள்க. பூட்ஸின்மேல் அணியும் துணியுறையும் நன்று. அஃது உள்ளிடத்தைக் குறைப்பதன்று. ஆடி முடிந்தபின் பூட்ஸை நன்கு உலர்த்துக. இத்தனை செய்தும் நெருக்கம் நீங்காதாயின், அளவே தவறென்று அறிக.

"புதிது அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்" என்று சிறுவரை அடக்கும் பெரியோரே எம் வருத்தத்திற்குரியர். பொறுமை நற்பண்பே, ஆயினும் உணர்விழந்த பாதத்தோடு கூரிய தகட்டின்மேல் நிற்பது பொறுமையன்று, அபாயம். விரல்கள் மரத்தால் உடனே வெளிவந்து, கயிற்றை அவிழ்த்து, மெல்லச் சூடேற்றுக. தேய்த்தலும் நெருப்பருகே காட்டுதலும் ஆகா. வெளுத்த நிறமும் மரப்பும் நீங்காவிடின் மருத்துவரை நாடுக.

ஆதலின், பாதம் குளிர்ந்தவழிக் காலுறையைத் தேடுமுன் கயிற்றைத் தளர்த்துக. பாதம் வேண்டுவது போர்வையன்று, இடமே.