நம் பதற்றத்தைப் படிக்கும் கணினி: முடிவு யாருடையது?

கடந்த பருவத்தின் இறுதியில், எங்கள் குழுப் பணியைப் படைப்பதற்காக வகுப்புக்கு வெளியே காத்திருந்தேன். நான்கு முறை ஒத்திகை பார்த்திருந்தோம். குறிப்பு அட்டைகூடத் தேவைப்படாது என்ற நம்பிக்கை இருந்தது. அப்போது கையில் கட்டியிருந்த திறன்கடிகாரம் அதிர்ந்தது. என் மன உளைச்சல் அளவு உயர்ந்துவிட்டதாகவும், மூச்சுப் பயிற்சி செய்யலாமா என்றும் திரையில் செய்தி வந்தது.

அதுவரை எனக்குப் பயமில்லை. அதைப் படித்த பிறகுதான் வந்தது. முதல் இரண்டு நிமிடங்கள் நாக்கு ஒட்டிக்கொண்டது.

அதே வார இறுதியில், வீட்டில் சோபாவில் உட்கார்ந்து காற்பந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் அணி கோல் போட்டதும் கத்தினேன். கடிகாரம் மறுபடியும் அதிர்ந்தது. மீண்டும் அதே எச்சரிக்கை, அதே மூச்சுப் பயிற்சி!

கடிகாரம் பொய் சொன்னது என்று நான் குறைகூற மாட்டேன். இரண்டு முறையும் என் இதயம் வேகமாகத்தான் துடித்தது. அந்தத் துடிப்புக்கு அது வைத்த பெயர்தான் சிக்கல். நம் உடல் காட்டும் அறிகுறிகளைப் படித்து, அதற்கேற்பத் தங்களை மாற்றிக்கொள்ளும் கணினிகளும் செயலிகளும் பெருகிவரும் காலம் இது. அவை பள்ளிகளுக்குள்ளும் பணியிடங்களுக்குள்ளும் வரலாமா என்று அரசாங்கங்கள் விவாதிக்கத் தொடங்கிவிட்டன. அந்த விவாதத்தில் அதிகம் பேசப்படுவது நம்மைப் போன்ற மாணவர்களைப் பற்றித்தான்.

கருவி எதை அளக்கிறது?

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் ரோசலிண்ட் பிக்கார்டு, 1997ல் வெளியிட்ட தமது நூலில், மனித உணர்வுகளைக் கணினி அறிந்து நடந்துகொள்ள வேண்டும் என்ற கருத்தை விரிவாக முன்வைத்தார். அதிலிருந்து ஒரு தனி ஆய்வுத்துறையே வளர்ந்தது.

கருவிகள் பொதுவாக இரண்டு அறிகுறிகளைக் கவனிக்கின்றன. ஒன்று வியர்வை. நெருக்கடியில் நம் விருப்பத்திற்குக் கட்டுப்படாத நரம்புகள் வியர்வைச் சுரப்பிகளைத் தூண்டுகின்றன. தோல் மிக லேசாக ஈரமானாலும் அதன் வழியே மின்சாரம் பாயும் அளவு மாறும். உணர்கருவி அந்த மாற்றத்தைப் பிடித்துவிடும். மற்றொன்று இதயத் துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரம். நாம் அமைதியாக இருக்கும்போது அந்த இடைவெளி சற்றுக் கூடிக் குறையும். நெருக்கடியில் அந்த ஏற்ற இறக்கம் குறைகிறது.

உடலில் எதையும் பொருத்தாமலும் அளக்கலாம். 2014ல் மைக்ரோசாஃப்ட், எம்ஐடி ஆய்வாளர்கள் அழுத்தத்தை உணரும் விசைப்பலகையையும் தொடுகையை உணரும் சுட்டியையும் கொண்டு 24 பேரிடம் ஒரு சோதனை நடத்தினர். நெருக்கடியான வேலை கொடுக்கப்பட்டபோது, 79 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் விசைகளை வழக்கத்தைவிடப் பலமாக அழுத்தினர். நள்ளிரவில் கட்டுரையை முடிக்கும்போது நாம் தட்டும் தட்டு நினைவுக்கு வருகிறதா?

பிக்கார்டும் ஜெனிஃபர் ஹீலியும் 2005ல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் இன்றும் பேசப்படுகிறது. பாஸ்டன் வட்டாரச் சாலைகளில் வாகனம் ஓட்டியவர்களின் இதயத் துடிப்பு, தோலின் மின்கடத்தல், மூச்சு ஆகியவற்றைப் பதிவுசெய்து, அவர்களின் மன உளைச்சல் குறைவா, நடுத்தரமா, அதிகமா என்பதை 97 விழுக்காட்டுக்கும் மேலான துல்லியத்துடன் கணித்தனர்.

பிரமிப்பான எண்தான். ஆனால், அங்கே ஓட்டுநர் ஓய்வெடுக்கிறாரா, விரைவுச்சாலையில் செல்கிறாரா, நகர நெரிசலில் திணறுகிறாரா என்பது ஆய்வாளர்களுக்கு முன்கூட்டியே தெரியும். என் கடிகாரத்துக்கு நான் எங்கே இருக்கிறேன், எதற்காக இதயம் துடிக்கிறது என்பது தெரியாது. காற்பந்தும் வகுப்புப் படைப்பும் அதற்கு ஒன்றுதான். உடலின் விழிப்புநிலை கூடியிருப்பதை அது அறிகிறது. அந்த விழிப்பு பயமா, ஆர்வமா, மகிழ்ச்சியா என்பதை ஊகிக்கிறது.

யாருடைய உடலை வைத்துக் கருவி சோதிக்கப்பட்டது என்பதும் முக்கியம். விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவிகளை கொவிட்-19 காலத்தில் நாம் அனைவரும் அறிந்துகொண்டோம். தோலுக்குள் ஒளியைச் செலுத்தி அவை அளக்கின்றன. ஆக்சிஜன் குறைந்திருந்தும் கருவி அதைக் காட்டத் தவறியது, அமெரிக்காவின் வெள்ளையின நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று 2020ல் ஓர் ஆய்வு காட்டியது. திறன்கடிகாரங்களும் ஒளியைக் கொண்டே துடிப்பை அளக்கின்றன. நம்மைப் போன்ற தோல்நிறம் கொண்டவர்களிடம் சோதித்தார்களா என்று கேட்பதில் தவறே இல்லை.

எல்லாப் பதற்றமும் எதிரியா?

அளந்த பிறகு கணினி என்ன செய்கிறது என்பது அடுத்த கேள்வி. 2015ல் வெளிவந்த 'நெவர்மைண்ட்' என்ற கணினி விளையாட்டு நல்ல எடுத்துக்காட்டு. விளையாடுபவரின் பதற்றம் கூடினால் விளையாட்டும் கடினமாகும். அமைதியானால் எளிதாகும். தம்மைத் தாமே அமைதிப்படுத்த அவர் பழகுகிறார். அளவீடு அவருக்குப் பயன்படுகிறது. வேண்டாமென்றால் நிறுத்திவிடலாம்.

கற்றல் மென்பொருளில் இதே உத்தி தலைகீழாக அமையக்கூடும். மாணவர் திணறுகிறார் என்று தெரிந்ததும் கணக்கை எளிதாக்கு, குறிப்பு கொடு, ஓய்வெடுக்கச் சொல். கேட்பதற்கு அன்பாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லா நேரத்திலும் அது உதவியாகுமா?

சிட்னி டிமெல்லோவும் சக ஆய்வாளர்களும் 2014ல் வெளியிட்ட ஆய்வில், அறிவியல் பாடத்தில் முரண்பட்ட தகவல்களை வேண்டுமென்றே தந்து மாணவர்களைக் குழப்பினர். உண்மையாகவே குழம்பியவர்கள் பிறகு நடந்த சோதனையில் கூடுதலாகக் கற்றிருந்தது தெரியவந்தது. குழப்பத்தோடு சற்று நேரம் போராடுவதும் கற்றலின் ஒரு பகுதி. கூடுதல் கணிதத்தில் ஒரே கணக்கோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டி, திடீரென்று வழி புலப்பட்ட அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அந்த அரை மணி நேரத்தில் ஐந்தாவது நிமிடமே கணினி உதவிக்கு வந்திருந்தால் அது கிடைத்திருக்காது.

பெயர் வைப்பதற்கே ஒரு சக்தி உண்டு. ஹார்வர்டு ஆய்வாளர் அலிசன் உட் புரூக்ஸ் 2014ல் வெளியிட்ட சோதனைகளில், மேடைப் பேச்சுக்கும் கணிதச் சோதனைக்கும் முன்னால் ஏற்படும் படபடப்பை அமைதியாக மாற்ற முயன்றவர்களைவிட, அதை உற்சாகமாக எடுத்துக்கொண்டவர்கள் சிறப்பாகச் செய்தனர். அதே ஆண்டு வெளியான வேறோர் ஆய்வில், முந்தைய இரவு நன்றாகத் தூங்கியதாகக் கருவி காட்டுகிறது என்று பொய்யாகச் சொல்லப்பட்டவர்கள், சரியாகத் தூங்கவில்லை என்று சொல்லப்பட்டவர்களைவிடச் சிந்தனைத் திறன் சோதனைகளில் நன்றாகச் செய்தனர். கருவியின் பெயரில் வரும் சொல்லை நம் மனம் எளிதில் நம்பிவிடுகிறது. வகுப்புக்கு வெளியே எனக்கு நேர்ந்ததை இப்போது ஓரளவு புரிந்துகொள்கிறேன்.

யார் பார்க்கிறார்கள்?

இதுவரை சொன்னவை எனக்கும் என் கடிகாரத்துக்கும் இடையிலான விவகாரம். அந்த அளவீடு ஆசிரியரின் திரைக்கோ முதலாளியின் மேசைக்கோ போகும்போது கதை மாறுகிறது.

சீனாவின் செஜியாங் மாநிலத் தொடக்கப்பள்ளி ஒன்றில் மாணவர்களின் கவனத்தை அளக்க மூளை அலைகளை உணரும் தலைப்பட்டைகள் பயன்படுத்தப்பட்டது 2019ல் பெரும் சர்ச்சையானது. மக்களின் எதிர்ப்பைத் தொடர்ந்து அங்குள்ள கல்வித்துறை அதை நிறுத்தச் சொன்னது. 2022ல் மைக்ரோசாஃப்ட், முகத்தைப் பார்த்து உணர்வை ஊகிக்கும் தனது சேவையை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது.

ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. அதன் செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தின்கீழ், பள்ளிகளிலும் பணியிடங்களிலும் ஒருவரின் உடல்சார்ந்த தரவுகளைக் கொண்டு அவரது உணர்வை ஊகிக்கும் கணினி முறைகள் 2025 பிப்ரவரி 2 முதல் தடைசெய்யப்பட்டுள்ளன. மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் மட்டும் விலக்கு உண்டு. மீறும் நிறுவனத்துக்கு 35 மில்லியன் யூரோ அல்லது உலக வருவாயில் 7 விழுக்காடு, இவற்றில் எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கலாம். அறிவியல் அடிப்படை உறுதியாக இல்லை என்பதோடு, மாணவருக்கும் பள்ளிக்கும், ஊழியருக்கும் முதலாளிக்கும் இடையே அதிகாரம் சமமாக இல்லை என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணம். வகுப்பில் எல்லாரும் 'சம்மதம்' என்று அழுத்தும்போது ஒரு மாணவர் மட்டும் எப்படி மறுப்பார்?

நம் வட்டாரத்தில் இத்தகைய நேரடித் தடை இல்லை. சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்கள் சம்மதம் பெற வேண்டும், நோக்கத்தைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அரசாங்க அமைப்புகள் அதன்கீழ் வருவதில்லை. அவற்றுக்குத் தனிச் சட்டமும் விதிமுறைகளும் உள்ளன. மலேசியா 2024ல் தனது சட்டத்தைத் திருத்தி, உடலளவியல் தரவுகளைக் கூடுதல் பாதுகாப்பு தேவைப்படும் தரவுகளின் பட்டியலில் சேர்த்தது. இங்கு உயர்நிலைப்பள்ளி மாணவர் ஒவ்வொருவரிடமும் ஒரு கற்றல் சாதனம் இருக்கிறது. அவை நம் பதற்றத்தை அளக்கின்றன என்று நான் சொல்லவில்லை. ஆனால், விசைப்பலகையே உணர்கருவியாக முடியும் என்பதால், விதிகளை முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

மறுபக்கமும் உண்டு

தடைதான் ஒரே வழி என்று முடித்துவிட எனக்கும் மனமில்லை. மனநலக் கழகம் 2024ல் வெளியிட்ட ஆய்வின்படி, சிங்கப்பூரில் 15 முதல் 35 வயது வரையுள்ளோரில் 30.6 விழுக்காட்டினர் மனச்சோர்வு, பதற்றம், மன உளைச்சல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றின் கடுமையான அல்லது மிகக் கடுமையான அறிகுறிகளை எதிர்கொள்கின்றனர். ஏறக்குறைய மூவரில் ஒருவர். வீட்டில் யாரிடமும் சொல்லாமல் மறைப்பவர்களை நானும் அறிவேன். வாய் திறக்காத ஒருவரின் நிலையைக் கருவி முன்கூட்டியே காட்டினால் நல்லதுதானே என்று ஒரு தாய் கேட்டால், அவருக்கு என்ன பதில் சொல்வது?

என் பதில் இதுதான். கருவி எந்த வேலைக்காகச் சோதிக்கப்பட்டதோ அந்த வேலைக்குப் பயன்படட்டும். பிக்கார்டின் ஆய்விலிருந்து உருவான கைப்பட்டை ஒன்று, வலிப்பு நோயாளிக்கு வலிப்பு வருவதை உணர்ந்து பராமரிப்பாளருக்குத் தகவல் அனுப்புகிறது. 2018ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதற்கு அனுமதி அளித்தது. அங்கே நோய் தெரியும், பெறுபவர் யார் என்பது தெரியும், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும். 'உங்கள் மகனின் உளைச்சல் அளவு 82' என்று ஒரு செயலி அனுப்பும் செய்தியில் இந்த மூன்றில் பெறுபவரைத் தவிர வேறெதுவும் தெளிவாக இல்லை. அந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் பிள்ளையிடம் பேசாமல் விட்டாலோ, அதைக் காட்டியே திட்டினாலோ நிலைமை மோசமாகும்.

எனவே, இத்தகைய செயலி ஒன்றைப் பள்ளியோ பயிற்சி நிறுவனமோ நம்மிடம் கொடுத்தால் மூன்று கேள்விகளைக் கேட்போம். அது உண்மையில் எதை அளக்கிறது? அளந்ததை யார் பார்ப்பார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள்? வேண்டாம் என்று சொன்னால் என் மதிப்பெண்ணுக்கோ வாய்ப்புக்கோ பாதிப்பு வருமா? மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைக்கும்வரை சம்மதம் தரத் தேவையில்லை.

நான் திறன்கடிகாரத்தைத் தூக்கி எறியவில்லை. எச்சரிக்கைகளை மட்டும் நிறுத்திவிட்டேன். இரவில் ஒருமுறை அன்றைய வரைபடத்தைப் பார்த்து, எந்த மேடு எதனால் வந்தது என்று நானே குறித்துக்கொள்கிறேன். சில மேடுகள் தேர்வு, சில நண்பர்களின் அரட்டை, சில பேருந்தைப் பிடிக்க ஓடியது. இரண்டு வாரங்களாகத் தொடர்ந்து ஒரே பாடத்தின் வகுப்பில் மேடு தெரிந்ததால், அதைப் பற்றி என் ஆசிரியரிடம் நானாகவே போய்ப் பேசினேன். அடுத்த படைப்பு இன்னும் பத்து நாளில் இருக்கிறது. அன்று காலை கடிகாரத்தைக் கழற்றிப் பையில் வைத்துவிடுவதாக முடிவு செய்திருக்கிறேன்.