வில்லாளியின் கூடாரம்

நம்மிடம் பத்தாம் வகுப்பில் கணக்குப் படித்த மாணாக்கர் ஒருவர் இப்போது அமெரிக்காவில், கொலராடோ மாகாணத்து டென்வர் நகரத்தில் உத்தியோகம் பார்க்கிறார். சில மாதங்களுக்கு முன் அவரிடமிருந்து ஒரு கடிதமும் ஒரு புகைப்படமும் வந்தன. படத்தில் ஒரு கித்தான் கூடாரம். அதன் பின்னால் பொன்னிறமாகப் பழுத்த இலைகளுடன் மரங்கள். முன்னால், பத்து நாளாக க்ஷவரம் காணாத முகத்துடன் நம் சிஷ்யர். "பையன் இயற்கையை ரஸிக்கக் கற்றுக்கொண்டுவிட்டான்!" என்று மகிழ்ந்து படத்தை வீட்டாருக்கெல்லாம் காட்டினோம். அப்புறந்தான் அவர் கையிலிருந்தது ஊன்றுகோல் அல்ல, வில் என்பது கண்ணில் பட்டது.

உடனே பேனாவை எடுத்து ஜீவகாருண்யத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதி அனுப்பினோம். பதில் எட்டுப் பக்கம் வந்தது. ஆச்சரியம் என்னவென்றால், அதில் அவர் நம்முடன் வாதாடவேயில்லை. காட்டில் கூடாரம் அடிப்பது எப்படி என்பதை மட்டும் விவரித்திருந்தார். நேயர்களும் அதைக் கேட்கட்டும்.

அந்நாட்டு மலைகளில் எல்க் என்று ஒரு மான் ஜாதி உண்டு. நம் காட்டுக் கடமானுக்கு உறவு; உருவத்தில் அதைவிடப் பெரியது. நன்கு வளர்ந்த ஆண் மான் சுமார் 700 பவுண்டு நிறை இருக்கும். செப்டம்பர் மாதம் அவை ஜோடி தேடும் காலம். விடியற்காலையிலும் அந்தி வேளையிலும் ஆண் மான்கள் குழலூதுவதுபோல் நீளக் கூவும். வில் வேட்டைக்குச் சட்டம் அநுமதி தருவதும் பெரும்பாலும் அந்த மாதத்தில்தான். துப்பாக்கிக்காரன் முந்நூறு கஜத்துக்கு அப்பால் நின்றபடியே காரியத்தை முடித்துவிடலாம். வில்லாளியோ, கப்பிகள் பூட்டிய இக்காலத்து வில்லே வைத்திருந்தாலும், முப்பது நாற்பது கஜத்துக்குள் போயாகவேண்டும். நம் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தின் நீளந்தான் அது! அவ்வளவு அருகில் வரும் மனிதனை மான் கண்ணால் காணுமுன் மூக்கால் கண்டுவிடும். ஆகவே, கூடாரத்துக்கு முளை அடிக்கும்போதே வேட்டையில் பாதி தீர்மானமாகிவிடுகிறது என்கிறார் நம் மாணாக்கர்.

அவர் போவது ஸான் ஹுவான் மலைகளில் உள்ள வெமினூச் என்னும் காட்டுக்கு. விஸ்தீரணம் சுமார் 5 லட்சம் ஏக்கர். 1964-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்றின் கீழ் இப்படிப்பட்ட வனங்களை அங்கே பாதுகாக்கிறார்கள். உள்ளே மோட்டார் கூடாது, சைக்கிளும் கூடாது. நடக்கலாம்; குதிரைமேலோ கோவேறு கழுதைமேலோ சாமான் ஏற்றலாம். காடு எந்தப் பிரபுவுக்கும் சொந்தமில்லை. குடிமக்கள் எல்லாருக்கும் பொது. நம் தேசத்தில் முன்பு வைஸ்ராய்களும் சமஸ்தானாதிபதிகளும் வேட்டைக்குப் புறப்பட்டபோது, கூடாரம் அடித்தவன் ஒருவன், காடு கலைத்தவன் ஒருவன், சுட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டவர் வேறொருவர். இங்கேயோ முளை அடிப்பவனும், சமைப்பவனும், சுமப்பவனும் ஒரே ஆள்தான்.

முதல் வருஷம் அவரும் அவருடைய சிநேகிதரும் ஓடைக்கரையில் ஒரு பசும்புல்வெளியைக் கண்டு, "இதைவிட ரமணீயமான இடம் ஏது?" என்று அங்கேயே கூடாரம் அடித்தார்கள். இரவில் குளிர்காற்று சரிவிலிருந்து தண்ணீர்போல் வழிந்து வந்து அந்தப் பள்ளத்தில் தேங்கியது; விடியும்போது கூடாரத்தின் உட்புறமெல்லாம் உறைபனி. வெயில் ஏறியதும் சரிவுகள் சூடாகிக் காற்று மேல்நோக்கிக் கிளம்பியது. அதனுடன் அடுப்புப் புகையும், வெங்காயம் வதக்கிய வாசனையும், காலுறைகளின் நாற்றமும் கிளம்பி, பகலில் மான்கள் படுத்திருக்கும் மரச்செறிவுக்கு நேரே போய்ச் சேர்ந்தன. முதல் நாள் நாலு திசையிலும் கேட்ட கூவல் மூன்றாம் நாள் அடியோடு நின்றுவிட்டது. மறு வருஷம், மான்கள் திரியும் பள்ளத்தாக்குக்கும் கூடாரத்துக்கும் நடுவே ஒரு மலைமுகடு இருக்கும்படி, பள்ளத்துக்குச் சற்று மேலே சமதரையாக உள்ள திட்டு ஒன்றைத் தேடிப் பிடித்தார்கள்.

தண்ணீர் பக்கத்தில் வேண்டும். ஆனால் கரையிலேயே தங்கலாகாது. 200 அடியாவது தள்ளியிருப்பது வழக்கம். நம் கழிவு நீர் ஓடையில் கலக்கக்கூடாது. நீர் குடிக்க வரும் பிராணிகளுக்கும் நாம் இடைஞ்சலாக இருக்கக்கூடாது. இதைப் படித்ததும் நமக்குத் தசரத சக்கரவர்த்தியின் ஞாபகம் வந்தது. சரயூ நதிக்கரையில், இருட்டில், குடம் நிரம்பும் ஓசையை யானை நீர் குடிக்கும் ஓசை என்று எண்ணி அவர் விட்ட அம்பின் பலன் எல்லாருக்கும் தெரியும். கொலராடோவில் சூரியோதயத்துக்கு அரை மணி முன்பிலிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்பு வரையில்தான் அம்பு எய்யலாம். அயோத்தியில் இப்படியொரு சட்டம் இருந்திருந்தால் ராமாயணமே நடந்திராது!

அடுத்தபடி அண்ணாந்து பார்க்கவேண்டும். வண்டு அரித்துப் பட்டுப்போன மரங்கள் அம்மலைகளில் ஏராளம். காற்றடித்தால் அவை தூங்குகிறவன்மேல் சாயும். சமையலுக்கும் ஒரு சங்கடம் உண்டு. 10,000 அடி உயரத்தில் தண்ணீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் அரிசி லேசில் வேகாது. மூன்று நாள் விறைத்த சோறு தின்றபின், பிரஷர் குக்கரைச் சுமப்பது பாரமல்ல என்ற ஞானோதயம் நம் மாணாக்கருக்கு உண்டாயிற்று.

கரடிக்காக உணவுப் பொருள்களைக் கூடாரத்துக்குத் தொலைவில், மரக்கிளையில் பத்தடிக்கு மேல் கட்டித் தொங்கவிடுகிறார்கள். இப்போது அங்கே இருப்பது கருங்கரடிதான். 1979-இல் இதே ஸான் ஹுவான் மலைகளில், எல்க் வில் வேட்டைக்கு வழிகாட்டியாகச் சென்ற ஒருவர்மேல் கிரிஸ்லி என்னும் பெருங்கரடி பாய்ந்தது. அவர் அம்பைக் கையால் பிடித்துக் குத்தியே அதைக் கொன்று உயிர் தப்பினார். அந்த மாகாணத்தில் அந்த ஜாதிக் கரடிகள் அதற்கு வெகு காலம் முன்பே அற்றுப்போய்விட்டதாக எல்லாரும் எண்ணியிருந்தார்கள். அதுதான் அங்கே அறியப்பட்ட கடைசி கிரிஸ்லி.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்கு இருந்தது. மானைக் கொன்றவன் அதன் இறைச்சியை வீணாக்குவது அங்கே சட்டப்படி குற்றம். எலும்பு நீக்கிய இறைச்சி 200 பவுண்டு என்றால், சுமைக்கு 50 பவுண்டாக நான்கு சுமை. ஆள் இரண்டு, ஆளுக்கு இரண்டு சுமை. ஒரு சுமையைக் கொண்டுபோய், வெறுங்கையுடன் திரும்பி, மறு சுமையையும் கொண்டுபோக, அதே தூரத்தை மூன்று தரம் நடக்கவேண்டும். மோட்டார் நிற்குமிடத்திலிருந்து கூடாரம் 3 மைல். கூடாரத்துக்கு அப்பால் ஒரு மைலுக்குள் மான் விழுந்தால் 12 மைல் நடை. நாலு மைல் அப்பால் விழுந்தால் 21 மைல். செப்டம்பர் வெயிலில் இறைச்சி அதுவரை கெடாமல் இராது. ஆகவே, கூடாரத்துக்கு ஒரு மைலுக்கு அப்பால் அம்பு தொடுப்பதில்லை என்று முளை அடித்த அன்றே இருவரும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்.

ஆறாம் நாள் மாலை ஒரு கூவலைத் தொடர்ந்து, தூரம் தெரியாமல் இரண்டு முகடுகளைத் தாண்டிவிட்டார்கள். மான் தானாகவே முப்பத்தைந்து கஜத்தில் வந்து பக்கவாட்டில் நின்றது. நம் மாணாக்கர் நாணைக் காது வரையில் இழுத்துவிட்டார். ஒரு வருஷம் காத்திருந்த கணம். அன்று பகலெல்லாம் அடித்த வெயிலும், கூடாரம் இருக்கும் தூரமும் அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தன. நாணை மெல்லத் தளர்த்தினார். மான் அவரை ஒரு தரம் பார்த்துவிட்டு மரங்களுக்குள் போய்விட்டது. நமக்கு வந்த படத்தில் மான் இல்லாததன் காரணம் இதுதான்.

வேட்டையைப் பற்றிய நம் அபிப்பிராயம் மாறிவிடவில்லை. இந்தியாவில் 1972-ஆம் வருஷத்துச் சட்டம் வனவிலங்கு வேட்டையைத் தடுக்கிறது; அதில் நமக்குப் பரம திருப்தி. ஆனாலும் நாம் எழுதிய நாலு பக்க உபதேசத்துக்காகச் சிறிது வெட்கப்பட்டோம். பதிலாக ஒரே வரி எழுதினோம்: "கணக்கு சரி, நூற்றுக்கு நூறு."

நம் இல்லத்தரசிக்கு மட்டும் ஒரு கவலை. அடுத்த செப்டம்பருக்குள் பையனுக்கு ஆவக்காய் அனுப்ப உத்தேசம். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் மானுக்கு எட்டாத ஆவக்காய் உண்டா என்று விசாரித்துக் கொண்டிருக்கிறார்.