ஏபிஎஸ் விளக்கு அணையாவிட்டால்...

கேள்வி: கார் வாங்கிப் பன்னிரண்டு ஆண்டாகிறது. சேற்றுப் பாதையில் போய் வந்ததிலிருந்து ஏபிஎஸ் விளக்கு அணையவில்லை. ஓட்டலாமா?

பதில்: மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்து, மிதி எப்போதும் போல் இருந்தால், மெதுவாக ஓட்டி மெக்கானிக்கிடம் சேர்க்கலாம். சாதாரண பிரேக் பிடிக்கும். ஆனால் ஈரச் சாலையில் திடீரென அழுத்தினால் சக்கரம் இறுகி வண்டி சறுக்கும். ஸ்டீயரிங் திருப்பியும் திரும்பாது. ஹேண்ட் பிரேக்கை இறக்கிய பிறகும் சிவப்பு பிரேக் விளக்கு எரிந்தாலோ, மிதி தரை வரை இறங்கினாலோ வண்டியை எடுக்கவே கூடாது.

சக்கரத்தின் உட்புறமுள்ள சென்சாரில் சேறோ இரும்புத்தூளோ படிந்தாலும் இந்த விளக்கு எரியும். நெல் மூட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தும் வண்டியானால் எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஏபிஎஸ் யூனிட்டையே மாற்ற வேண்டும் என்றால், அது பெருஞ்செலவு. எந்தச் சக்கரத்தில் கோளாறு என்று முதலில் ஸ்கேனரில் பார்க்கச் சொல்லுங்கள். சென்சாரைச் சுத்தம் செய்வதோடு வேலை முடிந்துவிடலாம்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பொதுவாக 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். டப்பா மூடியில் குறித்துள்ள டாட் 3 அல்லது டாட் 4 ரகத்தையே ஊற்றுங்கள். அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் வாஷர்கள் ஊதி, பிரேக்கே போய்விடும்.