முதலில் மீட்டர், பிறகு போர்டு!

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் ஊர் பொம்மையார்பாளையம். புதுச்சேரியில் இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை பக்கம் கிளம்பினால், புதுச்சேரி எல்லை தாண்டிய கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் கடலோர ஊர். சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை செய்பவன் ஊருக்குப் போனால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மொபைல் ஹேங் ஆவதில் தொடங்கி பிரிண்டர் வரை எல்லாவற்றையும் என்னிடம் கொண்டு வருவார்கள். இந்த முறை இரண்டு வீடு தள்ளி இருக்கும் பதினோராம் வகுப்புத் தம்பி ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டியோடு வந்தான்.

"அண்ணா, இது எனக்கு வராதுண்ணா. வேணும்னா நீங்க எடுத்துக்கோங்க" என்றான்.

பெட்டிக்குள் ஆர்டினோ ஊனோ போர்டின் நகல் ஒன்று. கூடவே 37 சென்சார்கள்! தூரம் அளப்பது, வெப்பம் அளப்பது, ஜாய்ஸ்டிக், ரிமோட், ரிலே, சின்ன சர்வோ மோட்டார் என்று கடைத்தெரு மாதிரி இருந்தது. ஆன்லைனில் சுமார் 3,000 ரூபாய். அவன் அப்பா ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். அந்தப் பணத்தின் கனம் அவனுக்குத் தெரியும். அதனால்தான் இரண்டு வாரமாக யாரிடமும் சொல்லாமல் பெட்டியை மூடி வைத்திருந்தான்.

அவன் செய்ய நினைத்தது பொம்மைக் கார் அல்ல. படகில் ஜி.பி.எஸ்.ஸும் விளக்கும் ஒரு 12 வோல்ட் பேட்டரியில் ஓடுகின்றன. ஒரு நாள் இரவு கடலில் இருக்கும்போது பேட்டரி இறங்கி இரண்டும் அணைந்து போயிருக்கின்றன. பேட்டரி இறங்குவதற்கு முன்பே 'பீப்' என்று கத்தும் ஒரு கருவி வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை. நல்ல ஆசை!

ஆனால் முதல் பாடமான எல்.இ.டி.யை மினுக்க வைப்பதே நடக்கவில்லை. புரோகிராமை ஏ.ஐ. எழுதிக் கொடுத்திருக்கிறது. வாங்கிப் பார்த்தேன், ஒரு தவறும் இல்லை. அதையே இருபது விதமாக மாற்றி மாற்றி எழுத வைத்திருக்கிறான். எதுவும் வேலை செய்யாததால், தனக்கு மூளை போதவில்லை என்று முடிவு செய்துவிட்டான்.

போர்டைக் கம்ப்யூட்டரில் செருகினேன். போர்டில் பவர் விளக்கு எரிந்தது. ஆனால் புதிய கருவி இணைந்தால் விண்டோஸ் எழுப்பும் சத்தம் வரவில்லை. போர்ட் பட்டியலிலும் எதுவும் இல்லை. பெட்டியோடு வந்த கேபிள் எங்கேயோ தொலைந்ததால், ஏதோ ஒரு விளக்கோடு வந்த யூஎஸ்பி கேபிளை அவன் பயன்படுத்தியிருக்கிறான். அது சார்ஜ் மட்டும் செய்யும் கேபிள்! சாதாரண யூஎஸ்பி கேபிளில் நான்கு ஒயர்கள் உண்டு. இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. மலிவான சார்ஜிங் கேபிள்களில் தகவல் ஒயர் இரண்டையும் விட்டுவிடுவார்கள். வெளியில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. எங்கள் வீட்டு பிரிண்டர் கேபிளைக் கழற்றிக் கொண்டு வந்து போட்டேன். புரோகிராம் ஏறியது. போர்டிலேயே இருக்கும் சின்ன எல்.இ.டி. மினுக்கியது.

அடுத்து பிரெட் போர்டில் தனியாக ஒரு எல்.இ.டி. வைத்தான். எரியவில்லை. பையன் முகம் மறுபடியும் வாடியது. என் பையில் இருந்த மல்டிமீட்டரை எடுத்து அவன் கையிலேயே கொடுத்தேன். கறுப்பு முனையை கிரவுண்டில் வைத்து, சிவப்பு முனையை பிரெட் போர்டின் ஓரத்தில் ஓடும் சிவப்புக் கோட்டு வரிசையில் ஒவ்வொரு துளையாக நகர்த்தச் சொன்னேன். 5 வோல்ட், 5 வோல்ட், 5 வோல்ட்... பாதி போர்டு தாண்டியதும் பூஜ்யம்! சில பெரிய பிரெட் போர்டுகளில் ஓர வரிசை நடுவில் துண்டிக்கப்பட்டிருக்கும். ஒரு சின்ன ஒயரால் இரு பாதியையும் இணைத்துவிட வேண்டும். இதைத் தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

"அப்போ தப்பு என்னுது இல்லையாண்ணா?" என்று கேட்டான். அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

நான் பிழைப்பது புரோகிராமில். அங்கே தவறு செய்தால் எந்த வரியில் தவறு என்று கம்ப்யூட்டரே சொல்லும். ஒயர் சொல்லாது. கழன்ற ஒயர், தலைகீழாக வைத்த டையோடு, துண்டான கேபிள் எல்லாம் ஒரே மாதிரி மௌனமாக இருக்கும். அந்த மௌனத்தைப் பேச வைக்கும் கருவி மல்டிமீட்டர் ஒன்றுதான். 37 சென்சார் தரும் பெட்டியில் அது இல்லை! இன்றைக்குப் புரோகிராமை ஏ.ஐ. எழுதிக் கொடுத்துவிடுகிறது. மீதி இருப்பது முழுக்க ஒயர் சமாச்சாரம். முன்பு இருந்ததைவிட இப்போதுதான் மீட்டருக்கு அவசியம் அதிகம் என்பது என் கட்சி.

இதில் எனக்குச் சொந்த வருத்தமும் உண்டு. நான் இன்ஜினீயரிங் படித்தபோது லேபில் 8051 கிட் இருந்தது. 8051 என்பது இன்டெல் 1980-ல் கொண்டு வந்த மைக்ரோ கன்ட்ரோலர். ரெக்கார்டு நோட்டில் இருக்கும் எண்களைப் பார்த்து கிட்டின் கீபேடில் தட்டுவோம், விடை வரும், கையெழுத்து வாங்குவோம். நான்கு வருடத்தில் ஒரு ஒயரைக்கூட நானாக இணைத்து, அது ஏன் வேலை செய்யவில்லை என்று தேடியதில்லை. இத்தாலியின் இவ்ரியா ஊரில் ஒரு டிசைன் கல்லூரி மாணவர்களுக்காக 2005-ல் ஆர்டினோ பிறந்தது. எலக்ட்ரானிக்ஸ் படிக்காதவரும் தொட்டுப் பார்க்கட்டும் என்பதுதான் அதன் நோக்கமே. நான் அதைத் தொட்டது வேலைக்குச் சேர்ந்த பிறகு, என் சம்பளத்தில்.

சரி, புதிதாகத் தொடங்குபவர் என்னதான் வாங்க வேண்டும்?

மல்டிமீட்டர்தான் முதல். 500 ரூபாய்க்குள் கிடைக்கும் டிஜிட்டல் மீட்டரே போதும். ஒரே ஒரு விஷயம் பாருங்கள்: இரு முனையும் தொட்டால் 'பீப்' அடிக்கும் வசதி இருக்கிறதா? மிக மலிவான சில மீட்டர்களில் இது இருக்காது. உங்கள் வேலையில் பாதி இந்த 'பீப்'பில்தான் முடியும். ஓர் எச்சரிக்கை. 10 ஆம்பியர் என்று எழுதிய துளையில் சிவப்பு ஒயரைச் செருகி வைத்துவிட்டு, மறந்துபோய் வோல்டேஜ் அளக்கப் போகாதீர்கள். அந்த நிலையில் மீட்டர் வெறும் ஒயர் மாதிரி நடந்துகொள்ளும். பேட்டரியில் வைத்தால் அப்படியே ஷார்ட் சர்க்யூட்! வீட்டில் இருக்கும் எலக்ட்ரீஷியன் டெஸ்டர் போதாதா என்று கேட்பார்கள். 5 வோல்ட்டுக்கு அது கண்ணே திறக்காது.

அடுத்து போர்டு. ஆர்டினோ ஊனோ நகலே போதும். இ.எஸ்.பி. 32 வாங்கினால் வைஃபை உண்டு, விலையும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் அது 3.3 வோல்ட்டில் ஓடுவது. தூரம் அளக்கும் எச்.சி.-எஸ்.ஆர். 04 சென்சார் போன்றவை 5 வோல்ட்டைத் திருப்பி அனுப்பும். நடுவில் ரெசிஸ்டர் போட்டுக் குறைக்காமல் இணைத்தால் போர்டுக்கு ஆபத்து. எனவே முதல் ஆறு மாதம் ஊனோதான் என் சிபாரிசு. வாங்கியது மலிவான நகல் என்றால் பெரும்பாலும் அதில் சி.எச். 340 என்ற சிப் இருக்கும். கம்ப்யூட்டர் போர்டைக் கண்டுகொள்ளவில்லை என்றால் அதற்கான டிரைவரை இன்ஸ்டால் செய்து பாருங்கள். கேபிளை முதலில் பார்த்துவிட்டு!

பிரெட் போர்டு ஒன்று, ஜம்பர் ஒயர்கள். இந்த ஒயரில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காந்தத்தைக் காட்டிப் பாருங்கள். பல மலிவான ஒயர்கள் ஒட்டிக்கொள்ளும். உள்ளே இருப்பது இரும்பு கலந்த கம்பி. எங்கள் ஊர் போன்ற கடற்கரையில் உப்புக் காற்றுக்கு அவை சீக்கிரம் துருப்பிடித்து, ஆட்டினால் வேலை செய்யும், விட்டால் நிற்கும். எதுவானாலும் இறுக்கமாக மூடும் டிபன் பாக்ஸில் போட்டு, புது ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டை உள்ளே வைத்துவிடுங்கள். செலவில்லாத வைத்தியம்.

சில்லறைச் சாமான்களில் எல்.இ.டி. பத்து, 220 ஓம்ஸ், 1 கிலோ ஓம்ஸ், 10 கிலோ ஓம்ஸ் ரெசிஸ்டர்கள் பத்துப் பத்து. எல்.இ.டி.யை ரெசிஸ்டர் இல்லாமல் நேராக இணைக்காதீர்கள். கணக்கு எளிது. 5 வோல்ட்டில் சிவப்பு எல்.இ.டி. 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 3 வோல்ட்டை 220-ஆல் வகுத்தால் சுமார் 14 மில்லி ஆம்பியர். ஊனோவின் ஒரு பின்னுக்கு 20 மில்லி ஆம்பியர் வரை நிம்மதி, 40 உச்ச வரம்பு. இதனால்தான் மோட்டாரைப் பின்னோடு நேராக இணைக்கக் கூடாது என்கிறார்கள். '104' என்று எழுதிய கெப்பாசிட்டர் பத்து, பி.சி. 547 டிரான்சிஸ்டர் ஐந்து, 1என்4007 டையோடு ஐந்து. சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் இந்த எண்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். எண்ணைச் சொன்னால் உடனே எடுத்துக் கொடுப்பார்கள்.

சதுரமான 9 வோல்ட் பேட்டரியை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். மோட்டாரோ சர்வோவோ இணைத்தால் அது படுத்துவிடும், நீங்கள் புரோகிராமைச் சந்தேகிப்பீர்கள். வீட்டில் கிடக்கும் 5 வோல்ட் மொபைல் சார்ஜர் அதைவிட எவ்வளவோ மேல்.

சால்டரிங் அயர்ன் இரண்டாவது மாதம் வாங்கினால் போதும். 25 வாட் சோல்ட்ரான், கொஞ்சம் 60-40 ஈயம், ஒரு ஸ்டாண்டு. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து செய்யுங்கள். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சோற்றில் கை வைக்காதீர்கள். அது நிஜமாகவே காரீயம்.

இவ்வளவும் சேர்ந்து சுமார் 1,500 ரூபாய். பெட்டியின் விலையில் பாதி. சென்சாரை எந்த வேலைக்கு எது வேண்டுமோ அன்றைக்கு ஒன்றே ஒன்று வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பணமும் இப்போது இல்லையா? வோக்வி, டிங்கர்கேட் போன்ற இலவச சிமுலேட்டர்களில் கம்ப்யூட்டரிலேயே பழகலாம். ஆனால் அங்கே ஒயர் கழலாது, கேபிள் ஏமாற்றாது என்பதை நினைவில் வையுங்கள். மத்திய அரசு 2016-ல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் உங்கள் பிள்ளையின் பள்ளியில் இருந்தால் விசாரியுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை உள்ளவர்களுக்கு அது. அலமாரியில் மீட்டர் இருந்தால் பூட்டி வைக்காமல் பிள்ளைகள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

பெட்டியில் வரும் ரிலேயைப் பற்றி ஒரு வார்த்தை. 'மொபைலில் ஃபேன் போடலாம்' என்று வீடியோக்கள் ஆசை காட்டுகின்றன. அந்த ரிலே போர்டின் அடிப்பக்கத்தில் 230 வோல்ட் மூடாமல் வெளியே நிற்கும். தொடக்கத்தில் 12 வோல்ட்டுக்கு மேல் வேண்டவே வேண்டாம். இதில் நான் கறார்.

12 வோல்ட்டும் முழுக்க சாது அல்ல. படகு பேட்டரி ஷாக் அடிக்காது, ஆனால் ஷார்ட் ஆனால் ஒயரை உருக்கிவிடும். தம்பியின் கருவிக்கு பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே 1 ஆம்பியர் ஃபியூஸ் போட்டோம். 30 கிலோ ஓம்ஸ், 10 கிலோ ஓம்ஸ் இரண்டையும் வரிசையாக இணைத்து, பேட்டரி வோல்டேஜை நான்கில் ஒன்றாக்கி ஊனோவுக்குக் கொடுத்தோம். 10 கிலோ ஓம்ஸ் மூன்றைச் சேர்த்தால் 30, தனியாக வாங்கத் தேவையில்லை. ஊனோவுக்கு மின்சாரம், காரில் வைக்கும் மொபைல் சார்ஜரில் இருந்து.

முதல் முறை திரையில் 12.4 வோல்ட் காட்டியது. மீட்டர் 12.1 என்றது. எது சரி? ஊனோவின் 5 வோல்ட் பின்னை அளந்து பார்த்தான். 4.88-தான் இருந்தது. புரோகிராம் அதை 5 என்று நம்பிக் கணக்குப் போட்டிருக்கிறது. எண்ணை அவனே மாற்றினான். இரண்டும் ஒத்துப்போயின. மீட்டர் இல்லாமல் அந்தப் பொய்யான 12.4-ஐ நம்பித்தான் படகு கடலுக்குப் போயிருக்கும்.

மீட்டரை அவனிடமே விட்டுவிட்டு வந்தேன். போன வாரம் போன் செய்தான். படகு பேட்டரியைத் தினமும் காலையில் அளந்து நோட்டில் எழுதுகிறானாம். விளக்கும் ஜி.பி.எஸ்.ஸும் ஓடும்போது வோல்டேஜ் இறங்கி, அணைத்ததும் ஏறுகிறது என்பதைக் கண்டுபிடித்திருக்கிறான். அதனால் பஸ்ஸர் 11.8-ல் கத்த வேண்டுமா, 12-ல் கத்த வேண்டுமா என்று அப்பாவுக்கும் மகனுக்கும் சண்டை. "12-லயே கத்தட்டும்டா, கரைக்கு வர நேரம் வேணாமா?" என்று பின்னால் சித்தப்பாவின் குரல் கேட்டது.