வண்டியும் எடையும்

மயிலிறகு மிக மெல்லியது. ஆயினும் அதனையும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்றார் திருவள்ளுவர். வலிமையறிந்து வினை செய்ய வேண்டிய வேந்தனுக்கு அவர் கூறிய இவ்வுவமை, வண்டி செய்வார்க்கும் வாங்குவார்க்கும் நேராகவே பொருந்துவதாகும்.

நிற்கும் வண்டியை ஓடச் செய்ய ஆற்றல் வேண்டும். எடை இருமடங்காயின், அதே வேகத்தை எய்துதற்கு வேண்டிய ஆற்றலும் இருமடங்காகும். பெட்ரோல் வண்டியில் பிரேக்கை அழுத்தியவுடன் அவ்வாற்றல் வெப்பமாகி வீணாகிறது. நின்று நின்று செல்லும் நகரத் தெருக்களில் பளுவான வண்டி மிகுந்த பெட்ரோலைக் குடிப்பது இதனாலேயாம். நெடுஞ்சாலையில் விரையும்பொழுதோ காற்றே பெரும்பகை. வேகம் இருமடங்கானால் காற்றின் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஆதலின், எடையோடு வடிவும் எண்ணத்தக்கது.

எடை எங்கே அமைந்துள்ளது என்பதும் நோக்கத்தக்கது. உயரமாக வைக்கோல் ஏற்றிய மாட்டுவண்டி பள்ளத்தில் இறங்கும்போது தள்ளாடுவதைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். பளு மேலே இருப்பின் வண்டி வளைவில் சாயும். தாழ இருந்து, சக்கரங்களும் அகன்றிருப்பின் நிலைகுலையாது திரும்பும்.

எடையையும் அமைப்பையும் ஒருங்கே எண்ணிச் செய்த வண்டிக்கு இங்கிலாந்தின் 'மினி' ஒரு நற்சான்று. 1956ஆம் ஆண்டில் மூண்ட சூயெஸ் போரினால் கால்வாய் அடைபட்டது; இங்கிலாந்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. அந்நெருக்கடியை ஒட்டிச் சிறிய காரொன்றை உருவாக்கும் பணி அலெக் இசிகோனிஸ் என்னும் பொறிஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் எஞ்சினைக் குறுக்காக வைத்தார். அதன் விசையை முன்சக்கரங்களுக்கே அளித்தார். நான்கு சக்கரங்களையும் நான்கு மூலைகளுக்கு ஒதுக்கினார். 1959ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்வண்டியின் நீளம் ஏறத்தாழ 10 அடி. எடை ஏறத்தாழ 600 கிலோகிராம். ஆயினும் நால்வர் அமர இடமிருந்தது. அதன் திறன்மிகு வகையாகிய 'மினி கூப்பர் எஸ்', பனி படர்ந்த மலைச்சாலைகளில் நிகழும் மாண்டி கார்லோ பந்தயத்தில் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் முதலிடம் பெற்றது.

பெரிய வண்டியே காப்பளிக்கும் என்பார் உளர். இரு வண்டிகள் மோதினால் பளுவானதில் இருப்போர்க்குத் தீங்கு பெரும்பாலும் குறைவு என்பது மெய்யே. ஆனால் சிறிய வண்டியில் வருவோர்க்கும் தெருவில் நடப்போர்க்கும் அன்றோ அப்பளு கேடாய் முடிகிறது! ஒருவர் காப்பு மற்றவர்க்கு அச்சமாதல் அறமாகாது.

இந்நாளில் பெருகிவரும் மின்வண்டிகள், வேகம் தணியும்போது ஆற்றலில் ஒரு பகுதியை மீட்டுக்கொள்கின்றன. எனினும் மின்கலத்தின் பளு அவற்றிற்கும் சுமையே. ஒருவர் கடைத்தெரு வரை சென்று வருவதற்கு இரண்டு டன் இரும்பை இழுத்துச் செல்வது பெருமையன்று, வீண் செலவேயாம். வேண்டிய வலிமை குறையாமலும் வேண்டாத பளு சேராமலும் அமைந்ததே நல்ல வண்டி. வாங்குவோர் அதனையே விரும்பிக் கேட்பாராயின், செய்வோரும் அதனையே செய்வர்.