அண்டை அயல்: பன்னிரண்டு வீட்டுக் குறிப்பேடு



பொங்கல் விழாவின் சிறப்பைப் பற்றி இத்திங்கள் எழுதுவதாகச் சென்ற இதழில் வாக்களித்திருந்தேன். அதனைச் செயலாளர் தம் அறிக்கையில் நன்றாகவே எழுதியிருக்கிறார். நான் வேறு சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை. விழாவுக்கு வாராத ஒருவரைப் பற்றி எழுதலாமென்று எடுத்துக்கொண்டேன்.

கூட்டங்களுக்குத் தவறாது வருவோர் அவரை அறிவர். முன்வரிசையில் இடக்கோடி நாற்காலி அவருடையது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளமையிலேயே இம்மும்பைக்கு வந்து, பருத்தி ஆலையில் சேர்ந்து, 1982 ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கிய பெரு வேலைநிறுத்தத்தில் அவ்வேலையை இழந்தவர். அவ்வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர் ஈடுபட்டனர். திரும்ப வேலை பெறாதவருள் இவரும் ஒருவர். பின்னர் மாதுங்காவில் ஒரு கடையில் கணக்கெழுதி மகனைப் படிக்க வைத்தார். மனைவி காலமாகிவிட்டார். மகன் வளைகுடா நாட்டில் இருக்கிறான். பழைய சால் ஒன்றின் மூன்றாம் மாடியில் தனியே இருக்கிறார்.

மார்கழியில் நடந்த இரண்டு கூட்டங்களுக்கும் அவர் வரவில்லை. “ஊருக்குப் போயிருப்பார்” என்றார் ஒருவர். “மகனிடம் போயிருப்பார்” என்றார் மற்றொருவர். இரண்டும் உட்கார்ந்த இடத்திலிருந்து சொன்ன ஊகங்களே. பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு நான் அவர் வீட்டுக்குப் போனேன். நலம் விசாரிக்கப் போனேனல்லேன். சந்தா பாக்கி வாங்கப் போனேன். அதை மறைத்து எழுதுவதில் என்ன பயன்?

கதவு திறந்திருந்தது. உள்ளே இரண்டு பெண்மணிகள். ஒருவர் நொய்க்கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தார். மற்றவர் கையுறை அணிந்து, பெரியவரின் வலக்காற் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். அக்காலில் இரண்டு விரல்கள் இல்லை.

நிகழ்ந்தது இதுதான். சர்க்கரை வியாதிக்காரரான அவருக்குக் கார்த்திகைக் கடைசியில் செருப்புக் கடித்த புண் ஒன்று பெருத்துவிட்டது. படியிறங்க முடியவில்லை. டீக்கடைப் பையன் காலையில் கொண்டுவந்து வைத்த ரொட்டியும் டீயுமே பத்து நாளைக்கு ஆகாரம். அதன் பிறகு இப்பெண்மணிகள் வந்து மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். காலைக் காப்பாற்றிய மருத்துவர், ஒரு வாரம் முன்னதாக வந்திருந்தால் விரல்களும் தப்பியிருக்கலாம் என்றாராம். அந்த ஒரு வாரத்துக்குள்தான் நம்முடைய முதற் கூட்டம் நடந்தது. கோலப் போட்டிக்கு எத்தனை பரிசு என்று முக்கால் மணி நேரம் விவாதித்தோம்.

அப்பெண்மணிகள் நம் சங்கத்தாரல்லர், பெரியவருக்கு உறவுமல்லர். ரயில் பாதையை ஒட்டிய சந்தில், ஒரு பள்ளியின் மேல்மாடிக் கூடத்தில் ஞாயிறுதோறும் கூடும் சிறிய மெதடிஸ்ட் தமிழ்ச் சபையைச் சேர்ந்தவர்கள். பெரியவரோ நெற்றி நிறைய நீறணியும் சைவர். கட்டுப் போட்டு முடிந்ததும், கையுறையைக் கழற்றிக் கைகழுவிவிட்டு, “அண்ணாச்சி, இந்தாங்க” என்று முருகன் படத்தடியிலிருந்த திருநீற்றுத் தட்டை அவ்வம்மையார் எடுத்து நீட்டியதை நான் என் கண்ணால் கண்டேன்.

“உங்களுக்கு எப்படித் தெரிந்தது?” என்று வினவினேன். கீழ் மாடியில் அச்சபைக் குடும்பம் ஒன்று இருக்கிறது. வாரந்தோறும் அவ்வீட்டுக்கு ஒருவர் வந்து நலம் விசாரித்துப் போவது அச்சபையின் வழக்கம். புறப்படும்போது, “பக்கத்து வீட்டிலே எல்லாரும் சுகந்தானே?” என்று கேட்பாராம். கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் அங்ஙனம் கேட்டபோது அவ்வீட்டுச் சிறுமி, “மாடித் தாத்தா பால் வாங்க வரவேயில்லை” என்றாள். வந்தவர் மாடியேறிப் பார்த்தார். அவ்வளவே.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடியும் வேளையில் அச்சபைக்குச் சென்றேன். நாற்பது குடும்பங்களுக்கு மேல் இரா. வாசலருகே ஒரு பெரிய தகரப் பெட்டி. வருகிற பெண்கள் ஒவ்வொருவரும் சிறு துணிப்பையிலிருந்த அரிசியை அதிற் கொட்டிச் செல்கின்றனர். உலையிலிடுமுன் ஒரு கைப்பிடியை எடுத்துத் தனியே வைக்கும் பழக்கம் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் நெடுநாளாக உண்டு. எவர் கொட்டியது எவ்வளவு என்று எழுதுவாரில்லை. எவர் வீட்டுக்கு அள்ளிக் கொடுத்தது என்றும் உரக்கச் சொல்வாரில்லை.

அவர்களுடைய அறுப்பின் பண்டிகை ஏலத்தையும் முன்னொரு முறை கண்டிருக்கிறேன். ஒரு பூசணிக்காயை ஒருவர் ஏலத்தில் எடுப்பார். எடுத்தவர் அதையே திரும்பக் காணிக்கையாக வைப்பார். அது மறுபடி ஏலத்துக்கு வரும். ஒரே காய் நான்கு பேர் கைமாறியதைப் பார்த்தேன். கடைசியில் எவர் வீட்டுக் குழம்பில் விழுந்ததோ!

சபையில் ‘வகுப்புத் தலைவி’ என்னும் பொறுப்பு வகிப்பவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, எல்லார்க்கும் டீச்சரம்மா. வகுப்பு என்றதும் பாடம் நடத்துவது என்று நான் எண்ணினேன். அவர் சிரித்துவிட்டு, நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் காட்டினார். அதில் பன்னிரண்டு வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே வாரங்கள் கட்டம் கட்டியிருந்தன. போய்ப் பார்த்த வாரத்துக்கு ஒரு கோடு. பார்க்காத வாரத்துக்குச் சுழி. “ஒரு வீட்டுக்கு இரண்டு சுழி சேர்ந்து விழுந்தால் போதகர் என்னைக் கேட்பார்” என்றார்.

இவ்வழக்கம் பிறந்த கதை சுவையானது. அது கடனிலிருந்து பிறந்தது. இங்கிலாந்தில் ஜான் வெஸ்லியைப் பின்பற்றியோர் பிரிஸ்டல் நகரில் கூடுவதற்கு ஒரு கட்டடம் கட்டினர், கடன் மிஞ்சியது. 1742 ஆம் ஆண்டு பிப்ரவரியில் அதனை அடைக்க வழி தேடிக் கூடினர். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்று ஃபாய் என்னும் கப்பற் தலைவர் யோசனை சொன்னார். ஏழைகள் பலர் அதற்கும் வழியற்றவர்கள் என்று மறுப்பு எழுந்தது. அதற்கு அவர், மிக ஏழைகளான பதினொருவரை என் பொறுப்பில் விடுங்கள். வாரந்தோறும் நானே போய்க் கேட்கிறேன். அவர்களால் இயன்றால் கொடுக்கட்டும், இயலாவிடில் அவர்கள் பங்கையும் நானே கட்டிவிடுகிறேன் என்னும் கருத்துப்படச் சொன்னார். பிறரும் அவ்வாறே ஆளுக்குப் பதினொருவரை ஏற்றனர். பதினொன்றும் ஒன்றும் பன்னிரண்டு. வாரந்தோறும் வீடேறிச் சென்றவர்களுக்குப் பென்னியைவிடப் பெரிய செய்திகள் தெரியவந்தன. எவ்வீட்டில் நோய், எவ்வீட்டில் சண்டை, எவன் குடிக்கிறான் என்பதெல்லாம் கண்டனர். கடனுக்காக வைத்த ஏற்பாடு சபையின் முதுகெலும்பாகிவிட்டது.

இதனைக் கேட்டபோது எனக்கு வெட்கமும் ஒரு வகை ஆறுதலும் உண்டாயின. அவர்களும் சந்தா வாங்கத்தானே போனார்கள்!

லண்டனில் வெஸ்லி இன்னும் ஒரு படி சென்றார். நகரை இருபத்து மூன்று பகுதிகளாக்கி, பகுதிக்கு இருவராக நாற்பத்தறுவரை நோயாளிகளைப் பார்க்க அமர்த்தினார். ஒவ்வொரு நோயாளியையும் வாரத்துக்கு மும்முறை காண வேண்டும். மருத்துவ ஆலோசனைக்கு வழி செய்ய வேண்டும். கணக்கை வாரந்தோறும் ஒப்புவிக்க வேண்டும். நோயாளிக்குச் செய்வதெல்லாம் தூய்மையாக இருக்க வேண்டுமென்றும், அருவருப்புப் பாராட்டலாகாதென்றும் விதித்தார். அவ்வறையிற் கண்ட கையுறையும் கொதிநீரும் என் நினைவுக்கு வந்தன.

1746 இல் அவர் தொடங்கிய சிறு கடன் நிதியையும் குறிப்பிட வேண்டும். சீட்டுக்கட்டிப் பழகிய நம்மவர்க்கு அது எளிதில் விளங்கும். ஒருவருக்கு இருபது ஷில்லிங் வரை. மூன்று மாதத்தில் திருப்ப வேண்டும். ஏறக்குறைய ஐம்பது பவுன் முதலில் ஓராண்டில் இருநூற்றைம்பது பேர் உதவி பெற்றனர். பின்னாளில் இத்தகைய நிதியில் ஐந்து பவுன் கடன் பெற்ற லாக்கிங்டன் என்னும் செருப்புத் தொழிலாளி, லண்டனிலேயே மிகப் பெரிய புத்தகக் கடைகளுள் ஒன்றை நடத்துபவரானார்.

நம் நகருக்கு இவ்வழி வந்தது வில்லியம் டெய்லர் என்னும் அமெரிக்கப் போதகரால். 1870 இல் இந்தியா வந்த அவர், 1871-72 இல் பம்பாயில் வீடுகளிற் கூடும் சிறு குழுக்களைத்தான் முதலில் அமைத்தார். வெளிநாட்டுப் பணத்தை நம்பாது சபை தன்னைத் தானே தாங்க வேண்டும் என்பது அவர் கொள்கை. தஞ்சை, திருச்சி அன்பர்கள் ‘எங்கள் ஊரில் மெதடிஸ்ட் சபையே இப்போது இல்லையே’ என்று கேட்கலாம். மன்னார்குடி ஃபின்ட்லே பள்ளி போன்றவற்றை நிறுவிய ஆங்கிலேய மெதடிஸ்டுகளின் சபைகள் 1947 இல் தென்னிந்தியத் திருச்சபையிற் கலந்துவிட்டன. அமெரிக்க வழியில் வந்தோர் தனியே நின்று, 1981 முதல் தன்னாட்சியுடைய இந்திய மெதடிஸ்ட் சபையாக உள்ளனர்.

எல்லாம் செம்மையாக நடக்கிறது என்று எண்ணிவிட வேண்டா. வீடேறி வருபவர் கண்ணுக்கு எல்லாம் படும். வாய் சும்மா இராது. அச்சபையின் இளம்பெண் ஒருத்தி என்னிடம் சொன்னாள்: “என் கணவருக்கு வேலை போனதை ஒருவரிடம்தான் சொன்னேன், இரண்டாம் ஞாயிறு கூடமே என்னைப் பாவமாகப் பார்த்தது. அதிலிருந்து வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுகிறேன்.” டீச்சரம்மா இதை மறுக்கவில்லை. அதன் பிறகே நோட்டில் தேவையை மட்டும் எழுதுவது, காரணத்தை எழுதுவதில்லை என்று வைத்தார்களாம். ‘அரிசி’ என்று இருக்கும். ‘ஏன்’ என்று இராது. 2020 ஊரடங்கின்போது படியேற வழியில்லாமல் தொலைபேசியிலேயே பன்னிரண்டு வீட்டையும் விசாரித்தனர். “குரலை வைத்தே பசியைக் கண்டுபிடிக்கப் பழகினோம்” என்றார்.

நேயர் பலர் மனத்தில் எழும் கேள்வியையும் நான் கேட்காமல் விடவில்லை. “பெரியவரைச் சபைக்கு இழுக்கும் எண்ணமுண்டா?” என்றேன். டீச்சரம்மா சினங்கொள்ளவில்லை. “அண்ணாச்சியும் இதையே முதல் நாள் கேட்டார். ஜெபம் வேண்டுமென்றால் செய்வோம். வேண்டாமென்றால் பாத்திரத்தைக் கழுவிவிட்டுப் போவோம் என்றேன். முதலில் பாத்திரத்தைக் கழுவுங்கள் என்றார்.” எனக்கு இவ்விடை போதுமானதாக இருந்தது. போதாதென்போர் அம்மையாரையே நேரில் கேட்கலாம்.

தை மாதச் செயற்குழுவில் இதை எடுத்துரைத்தேன். நாம் கலை, மொழி வளர்க்கும் சங்கம். நோயாளி வீட்டுக்குப் போவது நம் விதிகளில் இல்லை என்றார் ஒருவர். அவர் சொன்னது பொய்யன்று. விதிப் புத்தகத்தில் அப்படியொரு பிரிவு இல்லைதான். இன்னொருவர், நம் உறுப்பினர் முந்நூற்றுக்கு மேல், யார் அலைவது என்றார். முந்நூறும் பன்னிரண்டு பன்னிரண்டாக வகுத்தால் இருபத்தைந்து நோட்டு என்று நான் கணக்குச் சொன்னேன். அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தனர்.

அதுவரை காத்திருக்க மனமில்லை. கடையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, நம் தெருவில் சங்க உறுப்பினர் வீடு பன்னிரண்டை எழுதிக்கொண்டு சென்ற ஞாயிறு புறப்பட்டேன். முதல் வீட்டில் தேர்தலுக்கு நிற்கிறேனோ என்று கேட்டார்கள். இரண்டாம் வீட்டில் காப்பி கொடுத்தார்கள். மூன்றாவதில் கதவு திறக்கவில்லை. தொலைக்காட்சி ஓசை மட்டும் கேட்டது. நான்காம் வீட்டு அம்மையார் சந்தாப் பணத்தை எடுத்துவரத் திரும்பியபோது, “பணத்துக்கு வரவில்லையம்மா, சும்மா பார்த்துப் போக வந்தேன்” என்றேன். அவர் சற்று நேரம் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அங்கே ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. அவர் சொன்னதை இங்கே எழுதமாட்டேன்.

எட்டு வீடு பாக்கி இருக்கிறது. பெரியவரின் கட்டு, வரும் புதன்கிழமை மறுபடி மாற்ற வேண்டும். கஞ்சிக்கு அவர்கள் வருகிறார்கள். மருத்துவமனைக்குக் கூட்டிப் போக என் முறை.