மூளைக்கும் "கைநாட்டு"ப் பட்டமா?

கை அசையாது. கால் அசையாது. வாய் பேசாது. ஆனால் மூளை மட்டும் விழித்திருக்கிறது!

இப்படிப் படுக்கையில் கிடக்கும் நோயாளிகள் உண்டு. அவர்களில் 2 பேர், மூளையில் ஓடும் மின்சாரத்தைக் கொண்டே எழுத்து எழுத்தாகக் கடிதம் எழுதினார்கள். ஜெர்மன் விஞ்ஞானிகள் 1999-ம் ஆண்டில் இந்தச் செய்தியை வெளியிட்டார்கள். ஆனால் அதற்கு அந்த நோயாளிகள் பல மாதம் பழக வேண்டியிருந்தது.

மூளையில் மின்சாரமா?

ஆம். எல்லோருக்கும் உண்டு. மனித மூளையின் மின்சாரத்தை 1924-ல் முதன் முதலாகப் பதிவு செய்தவர், ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மன் டாக்டர். மிக மிகச் சிறிய மின்சாரம் அது. டார்ச் லைட் பாட்டரியின் மின் அழுத்தத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்குதான் தலைக்கு மேலே தெரியும்.

இடது கையை அசைப்பதாக மனதில் நினைத்தால் போதும். மூளையின் வலது பக்கத்தில் ஒரு அலை அடங்கும். வலது கை என்று நினைத்தால் இடது பக்கத்தில் அடங்கும். இந்த வித்தியாசத்தைக் கம்ப்யூட்டருக்குப் பழக்குகிறார்கள். (மனதில் உள்ள ரகசியம் எல்லாம் இதில் தெரியாது. பயம் வேண்டாம்!)

ஒன்பதாவது ஆள்

ஆஸ்திரியா நாட்டில் கிராஸ் என்ற நகரம் இருக்கிறது. அங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 9 பேரின் மூளை அலைகளைப் பதிவு செய்து, 2008-ல் உலகத்துக்குக் கொடுத்தது. இடது கை, வலது கை, கால், நாக்கு என்று 4 நினைப்புகள். தலையில் 22 இடங்களில் பதிவு.

இதில் 8 பேரின் அலைகளைக் கம்ப்யூட்டருக்குக் காட்டி, ஒன்பதாவது ஆளைக் கண்டுபிடிக்கச் சொன்னால் அது தடுமாறுகிறது. மண்டை ஓட்டின் கனம் ஆளுக்கு ஆள் வேறு. மூளையின் மடிப்பும் வேறு. ஒரே ஆளுக்குக் கூட, நேற்றைய அலை போல இன்றைய அலை இருப்பதில்லை.

பழகிய ஆளிடமே சோதித்துப் பார்த்து, "அபாரம்!" என்று மார்தட்டுவது எளிது. பார்த்த கேள்வித்தாளுக்கே பரீட்சை எழுதுவது போலத்தான் அது. பார்க்காத ஆளிடம் வாங்கும் மார்க்கு எவ்வளவு? அதைத்தான் கேட்க வேண்டும்.

யார் மீது குற்றம்?

நூற்றுக்கு 15 முதல் 30 பேர் வரை இந்த இயந்திரத்தை இயக்க முடிவதில்லை என்று ஒரு கணக்கு உண்டு. அவர்களுக்கு ஆராய்ச்சிக் கட்டுரைகளில் வைத்த பெயர் என்ன தெரியுமா? "எழுத்தறிவு இல்லாதவர்கள்"!

இது என்ன நியாயம்? படிக்கத் தெரியாமல் திணறுவது இயந்திரம். பட்டம் மட்டும் மனிதனுக்கா? செருப்பு கடித்தால் காலையா வெட்டுவது?

இப்போது சிலர் வேறு வழியில் போகிறார்கள். ஒவ்வொருவர் அலையையும் முதலில் ஒரே அளவுகோலுக்குக் கொண்டு வந்து, பிறகு கம்ப்யூட்டருக்குக் காட்டுகிறார்கள். புதிய ஆளிடமும் தடுமாற்றம் குறைகிறது. ஆனால் அடியோடு தீரவில்லை. தலையில் தொப்பியை மாட்டி, "இடது கையை நினை, வலது கையை நினை" என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக்க வேண்டியிருக்கிறது.

நல்ல உடம்புக்காரருக்கே அதில் சலிப்பு வரும். அசைய முடியாமல் படுத்திருப்பவர், "போதும்" என்று சொல்லக் கூட அந்த இயந்திரத்தைத்தான் நம்பியிருக்கிறார்.